தூசி நீக்கிய படம்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், ஸ்கேன். இதில் ஸ்கேன்தான் எனக்குத் தலைக்கனம் கொடுத்தது. மற்ற கடைகளில் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, பட்டனை அமுக்குவார்கள். வருவது வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். சாம்பல் பூத்த மாதிரி ஒரு படம் வரும். அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, “எழுத்தே தெரியல, வேற கொண்டாங்க” என்று விரட்டப்பட்டவர்கள் கடைசியில் என்னிடம் வந்து சேருவார்கள். நான் அந்தத் தாளை ஒரு தடவை பார்ப்பேன், அவர்களை ஒரு தடவை பார்ப்பேன். “யாரு எடுத்தது இத? எழுபத்தஞ்சு டிபிஐல வச்சா இப்படித்தான் வரும்” என்பேன். டிபிஐ என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் விழிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்கிற கணக்கு. எழுத்துக்கு முந்நூறு போதும். போட்டோ என்றால் அறுநூறு வைக்க வேண்டும். தாள் பழுத்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டி, கான்ட்ராஸ்டையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். மஞ்சள் வெளுத்து, மங்கிய எழுத்து கறுத்து எழும்பும். ரொம்ப ஏற்றினால் ஆபீஸ் முத்திரை காணாமல் போய்விடும், அதற்கும் திட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தப்புத் தப்பாக எடுத்து நானே பழகிக்கொண்டது. அந்த வரிசையில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தூசி நீக்குவதற்கு. அதில் டிக் போட்டால் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று கேட்கும். சுற்றியிருக்கிற நிறத்தோடு சேராமல் ஒரு புள்ளி தனியாகத் தெரிந்தால், அது அழுக்கு என்று மெஷினே முடிவுகட்டி, பக்கத்து நிறத்தை இழுத்து அதன்மேல் பூசிவிடும். பழைய போட்டோ வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். ‘அதிகம்’தான். “புதுசாட்டம் ஆயிடுச்சே” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த ஒரு டிக்கினால் நான் என் புகுந்த வீட்டு ஜனங்களுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றேன். இப்போதும் அந்தக் கட்டத்தைத் திரையில் பார்த்தால் எனக்குக் காது சூடாகிறது.

நான் திருமானூர்ப் பக்கத்துக்காரி. கொள்ளிடத்தை ஒட்டிய மண் எங்களுடையது. குழாயை இறக்கினால் தண்ணீர் வந்துவிடும். என்னைக் கட்டிக் கொடுத்த இடம் பெரம்பலூர் மாவட்டத்தில், எறையூரைத் தாண்டி மேற்கே ஒரு ஊர். அங்கே கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். வெடி வைத்துத்தான் கிணறு வெட்ட வேண்டும். என் மாமனாருக்கு அதுதான் வேலை. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசிக் கிணறுகள் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இறங்கி வெட்டியவை. தன் கல்யாணத்துக்கு முன்னால், வாலிப வயசில், ஒரு வெடி நேரம் தப்பி வெடித்துக் கல்பொடி முகத்தில் ஏறிவிட்டது. புண் ஆறிவிட்டது, பொடி உள்ளேயே தங்கிவிட்டது. இடது கன்னத்திலிருந்து நெற்றி வரைக்கும் தோலுக்கு அடியில் நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த ஊரில் அப்படி முகம் உள்ளவர்கள் இன்னும் சிலர் உண்டு. ‘வெடிக்காரங்க’ என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

எனக்கு விஷயமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை நீட்டிக்கொண்டு நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று கண்ணை இறக்கிவிட்டேன். அம்மை வடுவாகவும் தெரியவில்லை. என்ன வியாதியோ என்று உள்ளுக்குள் பயம். பிறகு விவரம் சொன்னார்கள், பயம் போனது. ஆனால் கண்ணை இறக்கிய பழக்கம் போகவில்லை. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் சாப்பாடு போடும்போதெல்லாம் வலது கன்னம் என் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. நல்ல மனிதர். என் சமையலைக் குறை சொல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவர் ஒருபக்கமாகத்தான் நிற்பார். போட்டோகிராபர்கள் “ஐயா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க” என்று சொல்லிச் சொல்லி, பிற்பாடு கேமராவைக் கண்டாலே அவராகத் திரும்பப் பழகிவிட்டார். செல்போன் வந்த பிறகும் அதே கதைதான். நேராகப் பார்க்கிற படம் என்று ஒன்று இருந்தது அவருடைய தொழிலாளர் அட்டையில் மட்டும்தான். ஸ்டாம்பு சைஸ். அட்டைக்கு எடுக்கும்போது திரும்ப விடமாட்டார்கள் இல்லையா. ஆதாரிலும் நேர் முகம்தான், ஆனால் ஆதாரில் எல்லோரையும் போல அவரும் கரிக்கட்டையாக இருந்தார். மூக்கு எது, வாய் எது என்றே தெரியாது.

போன கோடையில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு வைப்பது அங்கே வழக்கம். போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, துணியால் மூடி வைத்திருப்பார்கள். ஊரில் மரியாதையான ஒருவர் துணியை விலக்குவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் என்றால் அந்தப் படம்தான். விளக்கு வைப்பதும், கும்பிடுவதும், நல்லது கெட்டது சொல்வதும் அதனிடம்தான்.

என் மாமியார் டிரங்குப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். “இதப் பெருசு பண்ணும்மா. ஆல்பத்துல உள்ளது வேணாம். உசுரோட இருந்தவரைக்கும் எல்லாரும் அவரத் திருப்பித் திருப்பியே நிக்க வச்சிட்டாங்க. செவுத்துலயாவது நேரா பாக்கட்டும்” என்றார். “நீதான் நல்லா எடுப்பியே” என்று வேறு சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கடையில் வேறு வேலை எதையும் தொடாமல் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. அதனால் ஆயிரத்து இருநூறில் வைத்தேன். ஓரத்தில் பூச்சி அரித்த கோடு. தோளின்மேல் முத்திரையின் ஊதா வளையம். முகம் மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன், நிறத்தைச் சரிசெய்தேன், கூர்மையை ஏற்றினேன். தூசி நீக்கத்தில் ‘அதிகம்’ வைத்தேன். முன்னோட்டத்தில் படம் வந்தது. பூச்சிக் கோடு போய்விட்டது. கன்னத்துப் புள்ளிகளும் போய்விட்டன.

அது என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். முன்னோட்டத்திலேயே ‘நடுத்தரம்’ என்று மாற்றினேன். பாதிப் புள்ளிகள் நின்றன. அது இன்னும் அழுக்காகத் தெரிந்தது. திரும்பவும் ‘அதிகம்’ வைத்து எடுத்துவிட்டேன். திரையில் ஒரு லட்சணமான ஆள் என்னை நேராகப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் நெற்றி, அவருடைய மூக்கு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமனாருக்கு ஆயுசில் யாரும் செய்யாத ஒரு நல்லதை நான் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தோளில் அந்த ஊதா வளையம் மட்டும் லேசாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சை நனைத்து அட்டையில் இருந்த படத்தையே துடைத்துவிட்டு இன்னொரு தடவை எடுக்கலாம் என்று பார்த்தேன். அது ஸ்டுடியோவில் கழுவிய படம் இல்லை, சாதாரணத் தாளில் பிரிண்டரில் அடித்த படம். ஈரம் பட்டதும் சாயம் கலங்கி, தோளும் முகமும் ஒன்றாகச் சேறாகிவிட்டன. ‘சரி, ஸ்கேன்தான் இருக்கே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அட்டையை மேசை டிராயருக்குள் தள்ளி மூடினேன்.

சாயங்காலம் அரியலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் வந்ததும் லேப்டாப் திரையைத் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லாருக்கு” என்றார். அப்புறம், “அப்பாவுக்கு இந்தக் கன்னத்துல…” என்று இழுத்தார்.

“இருக்கறத எல்லாம் காட்டிக்கிட்டே இருக்கணுமா? சாமியாயிட்டாரு. இனிமேலாவது சுத்தமா இருக்கட்டும்” என்றேன்.

என் வாய்க்கு முன்னால் அவர் என்றைக்கும் ஜெயித்ததில்லை. அன்றைக்கும் முகம் கழுவப் போய்விட்டார். நான் அந்த வேகத்திலேயே படத்தைப் பெரம்பலூர் பிளெக்ஸ் கடைக்கும் அனுப்பிவிட்டேன், பேனர் அடிக்கச் சொல்லி.

காரியத்தன்று ஊர் முனையில், பஸ் நிற்கிற இடத்தில் பேனர் கட்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே மாமனார் வெள்ளைச் சட்டையில் பளபளவென்று இருந்தார். வீட்டு வாசலில் பந்தல். முன்வரிசை நாற்காலிகளில் அவருடைய வெடிக்காரக் கூட்டாளிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள், அவரோடு அதே வெடியில் அடிபட்டவர், இப்போது மீன்சுருட்டிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அவர் சித்தப்பா முறை, எனக்கு மாமா. துணியை விலக்கப் போகிற நேரத்தில்தான் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

“என்ன சித்தப்பா, இவ்வளவு நேரம்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பஸ்ஸ விட்டு எறங்கனேன்டா. பேனரு கட்டியிருந்துச்சு. நமக்கு எழுத்து தெரியாது, மூஞ்சியப் பாத்துட்டு, சரி, ஊருல வேற யாரோ போயிட்டாங்க போல, பாவம்னு நெனச்சுகிட்டு நம்ம பேனரத் தேடிகிட்டே நடந்தேன். ஓடக்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “கண்ணு ஆபரேசன் பண்ணிக்கங்க மாமா” என்றுகூடச் சொன்னேன். என் புத்தி அப்படி.

ஊராட்சித் தலைவர் துணியை விலக்கினார். அந்த நேரத்தில் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு ஓலம் எழும்ப வேண்டும். எல்லாப் படத்திறப்பிலும் எழும்பும். முந்தானையை வாயில் வைத்துத் தயாராக இருந்தவர்கள் அப்படியே படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுகை வரவில்லை. பங்காளி வீட்டு அக்கா ஒருத்தி மெதுவாக என் பக்கம் சாய்ந்து, “சின்ன வயசுல எடுத்ததா?” என்று கேட்டாள்.

கேட்டவளுக்கு மட்டும் பதில் சொன்னால் என்ன? நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “இல்லக்கா, அட்டையில இருந்ததுதான். ஸ்கேனர்ல தூசி எடுக்கற செட்டிங் இருக்கு. மூஞ்சியில இருந்த புள்ளிய எல்லாம் தூசின்னு அதுவே கண்டுபுடிச்சு எடுத்துடும்.”

முன்வரிசையில் ஒருவர் திரும்பி, “அப்டின்னா எங்களையும் ஒருவாட்டி அதுல போட்டு எடும்மா. வூட்டுல உள்ளவ சந்தோசப்படுவா” என்றார். மூன்று பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். குத்தலாகச் சிரிக்கவில்லை, வேடிக்கையாகத்தான் சிரித்தார்கள். மீன்சுருட்டி மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வலது கன்னத்தில் உள்ளங்கையை வைத்து மூடியபடி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நாலு பேரையும் அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தேன். நீலமும் கறுப்புமாக நாலு முகம். அத்தனை பேர் முகத்தையும் நான் வாய் திறந்து தூசி என்று சொல்லியிருக்கிறேன். நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

முதல் பூவைப் போட வேண்டியது மாமியார். கையில் பூவோடு படத்துக்கு எதிரே வந்து நின்றார். குனிந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அவருக்கு அந்தப் புள்ளிங்க இருந்துச்சு. இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லயேப்பா” என்றார்.

பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாத்தனார் அவர் பின்னாலேயே ஓடினாள். ஊராட்சித் தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் தானே ஒரு மாலையை எடுத்துச் சார்த்தினார்.

பந்தியில் நான்தான் பரிமாறினேன். ஓடி ஒளிய இடமில்லை. வெடிக்காரர்கள் நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். “ரசம் நல்லாருக்கும்மா” என்றார் ஒருவர். இன்னொருவர் பாயசம் இரண்டாவது தரம் கேட்டார். யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜனம் கலைந்த பிறகு நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். “எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க அத்தை. அப்படியே வச்சுக் குடுத்துடறேன்” என்றேன். அவர் திரையையே பார்த்தார். விரலைத் தூக்கினார், இறக்கினார். “கேட்டா சொல்லத் தெரியலயேம்மா. பாத்தாத்தான் தெரியும்” என்றார். என் வீட்டுக்காரர் கண்ணுக்குக் கீழே ஒன்று பெரிதாக இருந்தது என்றார். நாத்தனார், அது காதுக்குப் பக்கத்தில் என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, இரண்டு பேருக்குமே நிச்சயம் இல்லை என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பெற்ற பிள்ளைகள். அவர்தான் எல்லோருக்கும் சௌகரியமாகத் திரும்பியே இருந்துவிட்டாரே, எங்கே பார்த்திருப்பார்கள்.

“அந்த அட்டையக் குடு, அதப் பாத்துக்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மறுநாள் கடைக்குக் கூட்டிப் போய் டிராயரைத் திறந்து காட்டினேன். முகம் இருந்த இடத்தில் பழுப்பும் ஊதாவுமாக ஒரு கறை. அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டுவார், பதிலுக்கு நானும் திட்டலாம், அதில் எனக்குப் பழக்கம் உண்டு என்று காத்திருந்தேன். அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கேன் செய்த கோப்பிலிருந்தாவது எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. படம் எடுத்த பிறகு துடைத்திருந்தால் திரும்பக் கொண்டுவரலாம். எடுக்கும்போதே மெஷின் துடைத்துவிட்டதால் அந்தப் புள்ளிகள் எங்கேயும் சேரவே இல்லை. பிறகு மவுஸைப் பிடித்து நானே புள்ளி வைத்துப் பார்த்தேன். மிளகு தூவின மாதிரி இருந்தது. அழித்தேன். வேறு மாதிரி வைத்தேன். அதுவும் மிளகுதான். கடைக்கு வருகிறவர்களிடம் டிபிஐ பற்றிப் பேசுவது எனக்கு அந்த வாரத்தோடு நின்றுபோனது.

ஊரில் அந்தச் சட்டம் போட்ட படத்தை மாமியார் மாட்டவில்லை. பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அந்த ஆணிக்குக் கீழே விளக்கை ஏற்றி வைத்துக் கும்பிட்டார். நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்துகொள்வேன்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் மீன்சுருட்டி மாமா என் கடை வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணி போன் போட்டுச்சு. படம் இன்னும் மாட்டலயாமே.”

“இல்ல மாமா.”

“எங்கெங்க இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியலயாமே.”

“தெரியல மாமா.”

அவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். “நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல நின்னோம். நடுவுலதான் வெடிச்சுது. அவருக்கு எடது கன்னம், எனக்கு வலது கன்னம். ரெண்டு பேரு மூஞ்சியிலயும் ஏறினது ஒரே கல்லுதான். என்னுத எடுத்து அங்க வச்சுக்க முடியாதா மருமவளே?”

முடியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். முதலில் செல்போனில் எடுத்துப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம் தோலில் பளபளத்துப் புள்ளிகள் மங்கிப் போயின. வெளியே வெயிலில் நிற்க வைத்து எடுத்தேன், கண்ணைச் சுருக்கினார், கன்னமெல்லாம் கோடாக விழுந்தது. அவர்தான் ஸ்கேனரைக் காட்டி, “அந்தப் பொட்டியில மூஞ்சிய வச்சா எடுக்காதா?” என்றார்.

மூடியைக் கழற்றினேன். மேசை உயரம் சரியாக வரவில்லை. ஸ்கேனரை ஸ்டூல்மேல் இறக்கி வைத்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் குனிந்து வலது கன்னத்தைக் கண்ணாடியில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலை சாய்த்துப் படுக்கிற பிள்ளை மாதிரி. வெளிச்சம் உள்ளே வராமல் இருக்க அவருடைய துண்டையே தலைமேல் போர்த்தினேன். திரைக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வெளிச்சம் கூட்டுவது, கான்ட்ராஸ்ட், கூர்மை, எதுவும் வேண்டாம் என்று வைத்தேன். தூசி நீக்கத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். முதல் தடவை மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது.

“இரு, மூச்ச அடக்கிக்கறேன்” என்றார்.

அறுநூறில் வைத்தால் அந்த விளக்கு மெல்லத்தான் நகரும். அவர் கன்னத்துக்கு அடியில் அது போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். ஸ்டூலில் குனிந்து கிடக்கிற வயசாளியையும், தலையில் துண்டையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ‘அப்புறம் வாங்க’ என்று கையை ஆட்டினேன். அவள் போன பிறகுதான், இந்த நேரத்திலும் யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்கிறேனே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

படம் திரையில் வந்தது. பெரிதாக்கினேன். தோலின் துளைகள், நரைத்த முடிக்கட்டை, வேர்வை, அதற்கு நடுவே கல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். சிலது கறுப்பு, சிலது பச்சை கலந்த நீலம். ஒன்று அரிசி அளவுக்கு நீளமாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமனார் இதை என் கண்ணில் படாமல் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

“மன்னிச்சிடுங்க மாமா. அன்னிக்குப் பந்தல்ல நான் பேசினது…”

“வுடும்மா. சோறு தின்னுட்டுத்தான போனோம்” என்றார் அவர். நிமிர்ந்து உட்கார்ந்து, துண்டின் முனையால் தன் முகத்தைத் துடைக்காமல், வேர்வை படிந்திருந்த ஸ்கேனர் கண்ணாடியை அழுத்தித் துடைத்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் அந்த வேலைதான். அவர் கன்னத்தை இடமும் வலமும் மாற்றித் திருப்பி, கல்லை மட்டும் தனியாக எடுத்து, மாமனாரின் இடது கன்னத்தில் ஒவ்வொன்றாக இறக்கினேன். தோல் நிறத்தோடு ஒட்ட வைத்தேன். வெளுத்திருந்த முகத்தையும் கறுப்பாக்கினேன். மிளகு மாதிரி இல்லை. முகத்துக்குள்ளே இருந்தன. சட்டம் போட்டு, வேட்டியில் சுற்றி, எறையூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தனியாகவே போனேன். வீட்டுக்காரரைக் கூப்பிடத் தைரியம் இல்லை.

மாமியார் முறத்தில் வெங்காயம் புடைத்துக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வேட்டியை விலக்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். பதினாறாம் நாள் வராத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். கண்ணாடிமேல் விரலை வைத்தார்.

“இந்தக் கண்ணுக்குக் கீழ மூணு சேந்தாப்புல இருக்கு பாரு. இது அவருக்கு இல்ல. இது அந்த மீன்சுருட்டியானுது.”

“மாத்திடட்டுமா அத்தை?” என்றேன் அவசரமாக. “ரெண்டு நிமிசத்துல மாத்திடலாம்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

“எதப் பாத்து மாத்துவ?” என்றார்.

பிறகு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை ஆணியில் மாட்டினார். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை நிமிர்த்தவில்லை.